எட்டாம் வகுப்போடு ஏன் திரும்ப வேண்டும்?

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் கிறிஸ்தவப் பெற்றோர் நம்மிடையே அதிகம் இல்லை. இருப்பவர்களிலும் பலர், பிள்ளை எட்டாம் வகுப்பை நெருங்கும்போது தடுமாறிவிடுகிறார்கள். சொந்தபந்தங்களின் கேலியையும், ‘இதெல்லாம் எங்கே போய் முடியும் பிரதர்?’ என்று சபையில் கேட்பவர்களின் கவலையையும் ஏழெட்டு வருடம் தாங்கியவர்கள் அவர்கள். இருபடிச் சமன்பாடும் வேதியியல் வாய்பாடுகளும் வந்து நின்றதும், அட்மிஷன் விண்ணப்பம் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். கேட்டால், ‘இனிமேல் எங்களால் சொல்லிக்கொடுக்க முடியாது’ என்பார்கள். பள்ளிக்கு அனுப்ப நியாயமான காரணங்கள் பல இருக்கலாம். இந்தக் காரணம் அவற்றில் சேராது. வீட்டுக்கல்வி நல்ல பலன் தரக்கூடிய ஆண்டுகளே ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலானவைதான். ஒரே ஒரு நிபந்தனை: அந்த ஆண்டுகளில் அம்மாவும் அப்பாவும் ஆசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட வேண்டும்.

பயத்தின் வேர் ஒரு தவறான ஒப்பீட்டில் இருக்கிறது. தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையை, எல்லாப் பாடத்துக்கும் தேர்ந்த ஆசிரியர், நிறைந்த ஆய்வகம், பொறுமையான விளக்கம் எல்லாம் வாய்த்த ஒரு கற்பனைப் பள்ளியோடு தாய் ஒப்பிட்டுப் பார்க்கிறாள். நிஜத்தில், கட்டணம் அதிகம் வாங்கும் பள்ளியில் ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளையும் காலை ஐந்தரைக்கு இயற்பியல் ட்யூஷனுக்கும் மாலையில் கணக்கு ட்யூஷனுக்கும் ஓடுகிறது. தமிழ்நாட்டில் 2017-18-ல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதன் முக்கியக் காரணம், பல தனியார் பள்ளிகள் ப்ளஸ் ஒன் பாடத்தை நடத்தாமலேயே தாண்டி, இரண்டு வருடமும் ப்ளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்ததுதான். நாமக்கல் பாணி விடுதிப் பள்ளிகளுக்குக் ‘கோழிப்பண்ணை’ என்று ஊரார் பெயர் வைத்ததும் சும்மா இல்லை. மேல்நிலை வகுப்பில் ஒரே கூரையின் கீழ் எல்லாம் கிடைக்கிறது என்பது பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் விஷயத்திலேயே உண்மை இல்லை. பாடத்துக்கு ஒரு இடம் தேடிப் போவது எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. அந்தத் தேடலைப் பள்ளிநேரம் போக மிஞ்சிய களைத்த நேரத்தில் செய்வதா, புத்தி தெளிவாக இருக்கும் காலைப்பொழுதில் செய்வதா என்பது மட்டுமே வித்தியாசம்.

கிறிஸ்தவ வீட்டுக்கல்வி பெரிய அளவில் நடந்து, நல்லதும் கெட்டதும் ஆராயப்பட்டிருக்கும் நாடு அமெரிக்கா. அந்நாட்டு அரசின் கல்விப் புள்ளியியல் மையக் கணக்கின்படி, 1999-ல் வீட்டில் படித்த பிள்ளைகள் சுமார் 8.5 லட்சம், 2016-ல் சுமார் 17 லட்சம். இவர்களில் பலர் பள்ளிப் படிப்பின் கடைசிவரை வீட்டில் படித்துக் கல்லூரிக்குப் போனவர்கள். மைக்கேல் கோகன் என்ற ஆய்வாளர், மத்திய மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர்களைப் பற்றி 2010-ல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் படித்து வந்தவர்கள் முதலாண்டு மதிப்பெண்ணிலும் நான்காம் ஆண்டு மதிப்பெண்ணிலும் மற்றவர்களைவிட முன்னே இருந்ததைக் காட்டினார். ஆனால், அந்த ஆய்வில் இருந்த வீட்டுக்கல்வி மாணவர்கள் நூறு பேருக்கும் குறைவு. அதோடு, கல்லூரி வாசலைத் தொட்டவர்களைப் பற்றிய கணக்கு அது. தொடாதவர்களைப் பற்றி அது எதுவும் பேசாது. வீட்டுக்கல்வி ஆதரவாளர்கள் மேடையில் வீசும் பெரிய எண்களில் பலவும் தாமாக முன்வந்த குடும்பங்களிடம் திரட்டியவை. இதைச் சொல்லாமல் தைரியம் மட்டும் ஊட்டினால், அது பொய்த் தைரியம்.

ராபர்ட் குன்ஸ்மன், மில்டன் கெய்தர் இருவரும் இத்துறையின் ஆய்வுகளை மொத்தமாக அலசி 2013-ல் எழுதிய நீண்ட மதிப்பீடு இந்த விஷயத்தில் நம்பகமானது. பெற்றோரின் படிப்பு, வருமானம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தால், வீட்டில் படித்தவர்கள் மொழியிலும் வாசிப்பிலும் சற்றே முன்னேயும், கணிதத்தில் சற்றே பின்னேயும் இருக்கிறார்கள் என்பது அதன் சாரம். பெற்றோருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் வேண்டியதில்லை. எந்தச் சுவரில் விரிசல் என்று தெரிந்துவிட்டது. கதையும் வரலாறும் பேச்சோடு பேச்சாக வந்துவிடும். கணக்கு அப்படி வராது. தினமும் உட்கார்ந்து, தப்பு விட்டு, யாரோ ஒருவர் ‘இந்த மூன்றாவது வரியில் குறியை மாற்றாமல் விட்டுவிட்டாய்’ என்று காட்டினால்தான் வரும். அந்த ‘யாரோ ஒருவர்’ தாயாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவராவது இல்லாத சபை, நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் அரிது. வாரம் மூன்று மாலை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் பத்தாம் வகுப்புக் கணக்கு முடிந்துவிடும். 2018 முதல் புதுப்பிக்கப்பட்ட தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இறக்குமதியான கிறிஸ்தவப் பாடத்திட்டங்களுக்குப் பணம் கொட்டுவதற்குமுன் அவற்றைப் புரட்டிப் பார்ப்பது உத்தமம். பெற்றோரின் வேலை, எந்த ஆள், எந்த நூல், எந்த நாள் என்று ஏற்பாடு செய்வதும், சனிக்கிழமைதோறும் நோட்டை வாங்கிப் பார்ப்பதும்தான். பார்த்துப் புரியாவிட்டாலும் பாதகமில்லை. ‘இதை எனக்கு விளக்கு’ என்று கேட்டால் போதும். விளக்கத் தெரியாத பிள்ளை அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்த கவலை சான்றிதழ். இதில் நிலைமை பெற்றோர் நினைப்பதைவிடச் சுலபம். ஆனால், கண்ணை மூடிக்கொண்டு இறங்கும் அளவுக்குச் சுலபம் இல்லை. 1989-ல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், என்.ஐ.ஓ.எஸ்., 14 வயது நிரம்பியவரைப் பத்தாம் வகுப்புக்கு நிகரான படிப்பில் சேர்த்துக்கொள்கிறது; அதற்கு முந்தைய வகுப்புச் சான்றிதழைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. ஐந்து பாடம் தேர்ந்தெடுத்தால் போதும், தமிழிலும் எழுதலாம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என வருடத்தில் இரண்டு முறை பொதுத்தேர்வு. ஒரே மூச்சில் ஐந்தையும் எழுத வேண்டும் என்றில்லை. பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும், தேறிய பாடத்தின் மதிப்பெண் கணக்கில் நிற்கும். அறிவியலுக்குச் செய்முறையும், ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியர் திருத்தும் ஒப்படைப்புகளும் உண்டு. இவற்றைக் கடைசி வாரத்தில் நினைத்துக்கொள்கிறவர்கள் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். மாநிலப் பாடத்திட்டமே வேண்டும் என்போர் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். மருத்துவம் படிக்க முடியுமா என்ற சந்தேகத்துக்கும் பதில் கிடைத்துவிட்டது. திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் எழுதக் கூடாது என்று 2018-ல் போடப்பட்ட தடையை அதே ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அங்கீகாரம் பெற்ற திறந்தநிலைப் பள்ளி மாணவர்களுக்கு நீட் உண்டு என்பது 2024-ல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. அதே சமயம், இழப்புகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வீட்டில் படித்தவருக்குக் கிடையாது. மாநில அரசுப் பணிக்கு என்.ஐ.ஓ.எஸ். சான்றிதழை இணையாகக் கொள்வதில் தமிழ்நாட்டில் சர்ச்சை எழுந்திருக்கிறது. அரசு வேலையைக் குறிவைக்கும் குடும்பம், சேருவதற்குமுன் நடப்பு அரசாணையைத் தேடிப் படித்துவிட வேண்டும்.

சான்றிதழே இல்லாமல் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு வீட்டில் படித்த மும்பை மாணவி ஒருவர், சர்வதேசக் கணினி ஒலிம்பியாடில் மூன்று பதக்கங்கள் வென்றார். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐ.ஐ.டி.யின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. அவருடைய அறிவு இளங்கலைப் படிப்புக்குச் சமமானது என்று கண்டு, முதுகலை வகுப்பிலேயே இடம் கொடுத்தது நம் சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகம். பிறகு, 2016-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. அவரை உதவித்தொகையோடு எடுத்துக்கொண்டது. பத்திரிகைகள் இதை வெற்றிக் கதையாகக் கொண்டாடின. ஒலிம்பியாட் பதக்கம் வாங்காத சாதாரணப் பிள்ளைக்கு இந்தக் கதை சொல்லும் பாடம் வேறு: பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதிவிடு.

சட்டத்தைப் பற்றிய பயத்துக்கு அதிக இடம் தர வேண்டியதில்லை. அரசமைப்பின் 21-ஏ பிரிவும், 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளைப் பற்றியவை. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அந்தச் சட்டத்தின் 10-வது பிரிவு. தவறினால் பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை. சட்டச் சங்கடம் ஏதாவது இருந்தால், அது தொடக்க வகுப்புகளில்தான். அதைக் கடந்து வந்தவர்கள், சட்டத்தின் பிடி தளரும் வயதில் பயப்படுவது வேடிக்கையாக இருக்கிறது.

இனி, பலர் வாய்விட்டுச் சொல்லாத கவலைக்கு வருவோம். ‘இந்த வயதில் வெளியே அனுப்பினால் பிள்ளை விசுவாசத்தை விட்டுவிடுமோ?’ பல குடும்பங்கள் வீட்டுக்கல்வியைப் பிடித்துக்கொண்டிருப்பதே இதற்காகத்தான். ஜெரமி யுக்கர் என்ற சமூகவியலாளர் 2008-ல் வெளியிட்ட ஆய்வு இவர்களுக்கு முதலில் கசக்கும். பிறகு, ஆறுதலாக இருக்கும். அமெரிக்கப் பதின்பருவத்தினரின் சமய ஈடுபாட்டை அவர் ஒப்பிட்டார். பெற்றோரின் பக்தியைக் கணக்கில் எடுத்த பிறகு, வீட்டில் படித்தவர்களுக்கும் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை. அதாவது, விசுவாசத்தைக் கடத்துவது வகுப்பறை எங்கே இருக்கிறது என்பது இல்லை. அந்த வீட்டில் பெரியவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதுதான். கிறிஸ்டியன் ஸ்மித் தலைமையில் அமெரிக்க இளையோரைப் பற்றி நடந்து, 2005-ல் நூலாக வந்த பெரிய ஆய்வும் பெற்றோரின் செல்வாக்கைத்தான் முதலில் வைக்கிறது. ஆகவே, பிள்ளையின் ஆத்துமாவைக் காக்கும் மதில் என்று வீட்டுக்கல்வியை நினைப்பவர்கள் அந்தப் பாரத்தை இறக்கிவைத்துவிடலாம். மதில் கட்டுவதற்காகத் தொடங்கியவர்கள் பதினான்கு வயதில் களைத்துப்போவார்கள். ஏனென்றால், கேள்விகள் உள்ளேயிருந்தே வரத் தொடங்கும் வயது அது. யோபுவுக்கு ஏன் அந்தக் கஷ்டம், நரகம் நியாயமா, பக்கத்து வீட்டுப் பாட்டி நல்லவர்தானே? இவற்றைப் பிள்ளை எப்படியும் கேட்கும். பள்ளி நாளின் பரபரப்பில் இரவு ஒன்பதரைக்குக் கேட்டால், ‘போய்த் தூங்கு’ என்பதே பதிலாகும். வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு முற்பகல் பதினொரு மணிக்கும் கேட்க நேரம் இருக்கிறது. கேட்டால் அதட்டுவார்கள் என்று தெரிந்துவிட்டால், வீட்டிலேயே இருந்தும் அது மௌனமாகிவிடும். வீட்டுக்கல்வியால் வரும் கேடுகளில் அதுவே பெரியது.

அறிவியலிலும் இதே நேர்மை தேவை. பரிணாமத்தை மறுக்கும் கிறிஸ்தவப் பாடநூல்களை நம்பிப் பாடம் நடத்திய பள்ளிகளின் சில பாடங்களைச் சேர்க்கைக்குத் தகுதியாக ஏற்க கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் மறுத்தது. கிறிஸ்தவப் பள்ளிகளின் சங்கம் வழக்குப் போட்டு, 2008-ல் மாவட்ட நீதிமன்றத்திலும் 2010-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. நீட் பாடத்திட்டத்தில் பரிணாமம் இருக்கிறது. ஆதியாகமத்தைக் குடும்பம் எப்படி வாசித்தாலும், உயிரியலாளர்கள் என்ன சொல்கிறார்கள், எந்தச் சான்றுகளை வைத்துச் சொல்கிறார்கள் என்பதைப் பிள்ளை திருத்தமாகப் படிக்க வேண்டும். மறுப்பவரும் முதலில் அறிந்திருக்க வேண்டும். (என்.சி.இ.ஆர்.டி.யே பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமத்தை எடுத்துவிட்டதால், இந்த விஷயத்தில் வீட்டுக்கல்விக்காரர்களை மட்டும் குறைசொல்ல முடியவில்லை.)

உள்ளிருந்தே வரும் ஆட்சேபம் ஒன்று உண்டு. 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு காலத்திலிருந்து, தமிழ்க் கிறிஸ்தவம் பள்ளிக்கூடத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. எழுத்தே மறுக்கப்பட்டிருந்த மக்களுக்குக் கோயிலடிப் பள்ளிதான் வாசலைத் திறந்தது. அந்தச் சமூகமே பள்ளியை விட்டு விலகலாமா? கனமான கேள்விதான். இன்றைய மிஷன் பள்ளிகளை, குறிப்பாகக் கிராமத்து அரசு உதவிபெறும் பள்ளிகளை, வீட்டுக்கல்விக் குடும்பங்கள் மட்டம்தட்டிப் பேசினால் அது நன்றிகெட்ட பேச்சு. ஆனால், அந்தப் பள்ளிகள் தொடங்கப்பட்டது, படிக்க வழியே இல்லாதவர்களுக்கு வழி செய்வதற்காக. வழி இருக்கிறவர் எல்லாரும் ஒரே வழியில் போக வேண்டும் என்பதற்காக இல்லை. படிப்பும் வசதியும் உள்ள குடும்பம் வீட்டில் படிக்கவைத்துக்கொண்டே, வாரம் ஒரு நாள் பிள்ளையை அந்தப் பள்ளியின் மாலை வகுப்பில் சிறுபிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்க அனுப்பலாம். உறவும் அறுந்துபோகாது, பிள்ளைக்கும் படித்தது நிலைக்கும்.

‘பழகத் தெரியாமல் போய்விடும்’ என்ற பழைய குற்றச்சாட்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், ‘சபையில் வாலிபர் கூட்டம் இருக்கிறதே’ என்பது. அந்தப் பதில் போதாது. நம் ஊரில் பல சபைகள் ஏறத்தாழ ஒரே சாதியினரைக் கொண்டவை. வீடு, சபை, உறவு என்ற வட்டத்துக்குள்ளேயே பதினெட்டு வயதுவரை வளரும் பிள்ளை, தன்னைப் போன்றவர்களோடு மட்டுமே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கும். பள்ளி எத்தனை குறைகளோடு இருந்தாலும், இந்த வட்டத்தை ஓரளவு உடைக்கிறது. வீட்டில் படிக்கவைப்போர் இதை வலிந்துதான் உடைக்க வேண்டும்: மாவட்ட விளையாட்டரங்கின் கால்பந்துப் பயிற்சி, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் இருந்தால் கலைஞர் நூலகம், அரசுத் தட்டச்சுத் தேர்வுக்குப் போகும் தெருமுனை இன்ஸ்டிடியூட். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இதைச் சட்டமே செய்தது. ஃப்ளோரிடாவில் பாப்டிஸ்ட் மிஷனரி தம்பதியின் மகனான டிம் டீபோ, வீட்டில் படித்துக்கொண்டே அரசுப் பள்ளி அணிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடினார். 2007-ல் கல்லூரிக் கால்பந்தின் உயரிய ஹைஸ்மன் விருதை வென்றார். வீட்டில் படித்த பிள்ளையைப் பள்ளி மைதானத்துக்குள் விடும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. கேட்டுப் பெற வேண்டிய உரிமை அது.

இன்னும் இருண்ட ஆட்சேபமும் இருக்கிறது. 2018 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் பெர்ரிஸ் நகரில், பதினேழு வயதுப் பெண் ஒருத்தி ஜன்னல் வழியே தப்பி போலீஸுக்குப் போன் செய்தபோதுதான், அந்த வீட்டின் பதின்மூன்று பிள்ளைகளில் பலர் பட்டினியிலும் சிலர் சங்கிலியிலும் கிடந்தது வெளியே தெரிந்தது. அந்த வீடு, காகிதத்தில், ஒரு தனியார் பள்ளி. வீட்டில் படித்து வளர்ந்தவர்களே சேர்ந்து, கண்காணிப்பு வேண்டும் என்று கேட்கும் அமைப்பை 2013-ல் அமெரிக்காவில் தொடங்கினார்கள். ஜெர்மனியைப் போல முழுத் தடை போடுவது இதற்கு மருந்து என்று நான் நினைக்கவில்லை; பள்ளிகளிலும் கொடுமை நடக்கிறது. ஆனால், பெற்றோருக்குக் கட்டுப்படாத ஒரு பெரியவராவது வாரந்தோறும் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்ற நியாயத்தை எந்தக் கிறிஸ்தவக் குடும்பமும் மறுக்க இடமில்லை. கணக்கு வாத்தியாரைத் தேடச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

கிறிஸ்தவ வீட்டுக்கல்விக்காரர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும் வழக்கு, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1972-ம் ஆண்டு ‘விஸ்கான்சின் எதிர் யோடர்’. ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவின் குடும்பங்கள் எட்டாம் வகுப்புக்குமேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தன. தலைக்கு ஐந்து டாலர் அபராதம். நீதிமன்றம் பெற்றோர் பக்கம் நின்றது. தீர்ப்பைக் கொண்டாடுகிறவர்கள், நீதிபதி வில்லியம் டக்ளஸ் தனியே எழுதிய மாற்றுக்கருத்தை வசதியாக மறந்துவிடுகிறார்கள். பெற்றோரின் மதச் சுதந்திரம் சரி, பதினைந்து வயதுப் பிள்ளையிடம் யாராவது கேட்டீர்களா என்பதுதான் அவருடைய வாதம். நம் சபைகள் இந்தக் கேள்வியை ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. சி.எஸ்.ஐ.யில் திடப்படுத்தல் ஆராதனையில் பிள்ளை தன் வாயால் அறிக்கையிட வேண்டும்; பெந்தெகொஸ்தே சபைகளில் ஞானஸ்நானம் பிள்ளையின் சொந்தத் தீர்மானம். நித்தியத்தைப் பற்றிய முடிவைப் பிள்ளையிடம் விடுகிறவர்கள், ப்ளஸ் ஒன்னில் எந்தப் பாடப்பிரிவு என்பதைத் தாங்களே எடுத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்? இது பெண்பிள்ளைகளுக்கு இன்னும் பொருந்தும். ‘வீட்டிலேயே படிக்கிறாள்’ என்ற சொல்லின் மறைவில், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளவும் சமையலுக்குமாக அவளுடைய பகல்பொழுது போய்விடும் வீடுகள் உண்டு. அம்மா ஒருத்தியே எல்லாவற்றையும் சுமக்கும் வீட்டில், மூத்த மகள் தானாகவே இரண்டாவது அம்மாவாகிவிடுகிறாள். கணக்கு தெரியவில்லை என்பதைவிட, அப்பா ஒதுங்கியே இருப்பது வீட்டுக்கல்வியைக் கவிழ்க்கும் பெரிய காரணம்.

ஆகவே, ஒவ்வொரு ஏப்ரலிலும் பிள்ளையிடம் கேளுங்கள்: அடுத்த வருடம் வீட்டில் படிக்கிறாயா, பள்ளிக்குப் போகிறாயா? போகிறேன் என்றால் அனுப்பிவிடலாம். அது தோல்வி ஆகாது. என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ப்ளஸ் ஒன்னில் சேர விண்ணப்பிக்கலாம். வீட்டருகே உள்ள இரண்டு மூன்று பள்ளிகளில் இதை ஒன்பதாம் வகுப்பிலேயே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. வீட்டிலேயே படிக்கிறேன் என்று பிள்ளை சொன்னால், அந்த வருடத்துக்கான ஐந்து பாடங்களையும் கணக்கு வாத்தியாரையும் அதுவே தேர்ந்தெடுக்கட்டும். விண்ணப்பத்தையும் அதன் கையாலேயே நிரப்பச் சொல்லுங்கள்.